ஏழாம் நம்பர் பெல்ட்

“ஆண்ட்டி, நீங்கதான் ரொம்ப உட்காருறீங்க,” என்று ஆய்வு முகாமில் இருந்த சபீனா கம்ப்யூட்டர் திரையைச் சுமலதாவின் பக்கம் திருப்பினாள். அவள் பெயருக்குக் கீழே முழுக்கச் சிவப்பு. உட்கார்ந்திருந்த நேரம் சிவப்பு, நடமாடிய நேரம் பச்சை. “வெயிட் ஏறுறதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம். அங்கிளைப் பாருங்க, எவ்வளவு பச்சை!”

“இவரா? சோபா பள்ளம் விழுந்து கிடக்குதும்மா.” சுமலதா சிரித்துவிட்டாள்.

அவள் புருஷன் பக்தவத்சலமும் சிரித்தார். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

உட்கார்ந்தே கழிக்கும் நேரத்துக்கும் பருமனுக்கும் என்ன சம்பந்தம் என்று பார்க்கிறார்களாம். மாரெட்பள்ளியில் முகாம் போட்டு, தீப்பெட்டி அளவு கருவி வைத்த இடுப்பு பெல்ட்டை ஒரு வாரம் கட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். ஏழாம் நம்பர் அவருக்கு, எட்டு அவளுக்கு. முதல் நாள் ராத்திரியே இரண்டையும் குளிக்கக் கழற்றி ஒரே ஆணியில் மாட்டினார்கள். விடியுமுன் எழுகிறவள், கைக்கு வந்ததைக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ரயில்வே டிக்கெட் கௌண்டரில் உட்கார்ந்தே ரிட்டயர் ஆனவர் அவர். டீவி முன்னால் சாய்ந்திருந்தபோதுதான் தன் இடுப்பில் எட்டு இருப்பதைப் பார்த்தார். சொன்னால் முதலிலிருந்து கட்டச் சொல்வார்கள். வேர்வையில் வேறு அரிக்கிறது. பெல்ட்தானே என்று வாரம் முழுக்க இருந்துவிட்டார்.

“மெஷின் பொய் சொல்லுமா?” என்றாள் சுமலதா. முகம் சுருங்கிவிட்டது. “காய் நறுக்குறப்ப உக்காருறேன். அதைத்தான் சொல்லுது போல.”

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. “சூப்பர் அங்கிள், இப்படியே இருங்க,” என்று சபீனா கையை நீட்டினாள். அவரும் கை கொடுத்தார்.

மல்காஜ்கிரிக்குத் திரும்பும் ஆட்டோவில் சுமலதா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

“ராத்திரிக்கு எனக்குச் சோறு நக்கோ, வேணாம்,” என்றாள் கடைசியில்.

“பெல்ட் மாறிப்போச்சு, சுமா. அந்தச் சிவப்பு என்னோடது.”

அவள் திரும்பி அவர் முழங்காலைத் தட்டிக்கொடுத்தாள். “எனக்காகப் பழியை ஏத்துக்கறீங்களாக்கும்? நான் ஒருத்திதான் மாடா உழைக்கறேன்னு உங்களை எத்தனை ஏசியிருப்பேன். அதுக்குத்தான் எனக்கு இந்தத் தண்டனை.”

“நிஜமாத்தான் சொல்றேன்.”

“ஹவ், ஹவ், ரொம்ப நிஜம். ஆட்டோக்காரர் சிரிக்கப்போறார், சும்மா வாங்க.”

சபீனா ஒரு வார்த்தை சொன்னால் சுமலதா நம்புவாள். போனை எடுத்தார். ஆனால் தெரிந்தே கட்டியிருந்ததையும் சொல்ல வேண்டிவரும். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை சுமலதா மொட்டைமாடியில் நடந்தாள். இறங்கி வந்து இட்லி ஊற்றினாள். அவருக்கு நான்கு வைத்துவிட்டு, தனக்கு ஒன்று எடுத்து நின்றபடியே தின்றாள். பிறகு துணி துவைத்தாள். அவர் பேப்பர் படித்தார். சபீனாவுக்கு அவர் போன் செய்யவில்லை. சாயந்திரம் காஸ் சிலிண்டர் வந்தது. அதையும் சுமலதாவே அடுப்படிக்கு உருட்டிக்கொண்டு போனாள்.