அடி தாங்கிய ஒளிவாள்

சுவிட்சைத் தட்டியதும் "வ்வூம்..." என்று ஒரு சத்தம். கைப்பிடி உள்ளங்கையில் லேசாக அதிரும். நீல வெளிச்சம் அடியிலிருந்து நுனிவரை சரசரவென்று ஏறிப்போகும்...

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. நானும் என் தோழி ரேணுவும் கனடாவில், மொன்றியலில் வேலைக்குச் சேர்ந்த புதிது. இரண்டு பேருக்கும் விண்வெளிப் படங்கள் என்றால் பைத்தியம். ஆளுக்கொரு ஒளிவாள் வாங்கினோம். படத்தில் வருவதைப் போலவே செய்து, கண்ணாடி அலுமாரியில் அழகுக்கு வைக்கிற ரெப்ளிகா அது.

நாங்கள் வாங்கியதோ சண்டை போட!

நகரின் வில்லரே பகுதியில் ஒரு பள்ளிக்கூட ஜிம்மில் எங்களைப் போன்ற விசிறிகள் கூடி வாள்சண்டை பழகுவார்கள். பெண்கள் என்று நாங்கள் இருவர்தான். முதல் நாளே ரேணு ஓங்கி அடித்தாள், நான் தடுத்தேன். டக்...

என் வாளில் பாதிக்கு மேல் இருட்டு. அடுத்த வாரம் அவளுடையதும் அப்படியே.

குழுவை நடத்திய மார்க், ஆண்டு விழாவில் நீங்கள் கொடி பிடித்தால் போதும் என்றான். கடைசிச் சண்டை அவனுக்கும் குழுவில் இன்னொருவனான பாட்ரிக்குக்குமாம்.

வீடு திரும்பும்போது மெற்றோ ரயிலில் ரேணு கொதித்தாள். மட்டக்களப்புக்காரி.

"கொடி பிடிக்கவா கா நாம இதை வாங்கின?"

"திறந்து பாப்பம்," என்றேன்.

குழாய்க்குள்ளே நுனிவரை குட்டி எல்இடி பல்புகள், மெல்லிய கம்பியில் மாலை மாதிரி. அடி விழுந்தால் எங்கோ ஒரு ஒட்டு விட்டுவிடும்... அதற்கு மேலே எல்லாம் அணைந்துவிடும்.

மாலையையே கழற்றி எறிந்தோம். கைப்பிடிக்குள் பலமான ஒரே ஒரு நீல எல்இடி. மேலே தடித்த பிளாஸ்டிக் குழாய். ஆனால் வெளிச்சம் மேலே ஏறாமல் குழாயின் அடியிலேயே நின்றுவிட்டது. ஜான்-டலோன் சந்தையில் பூங்கொத்து சுற்றித் தந்த கண்ணாடித்தாளைச் சுருட்டிக் குழாய்க்குள் நுழைத்துப் பார்த்தாள் ரேணு.

தாளில் பட்டுச் சிதறி நுனிவரை நீலம்!

வாசல் படிக்கட்டுக் கம்பியில் ஓங்கி ஓங்கி அடித்துப் பார்த்தோம். வெளிச்சம் அணையவே இல்லை, இருவரும் கூச்சல் போட்டோம். உள்ளேயிருந்து என் அம்மா கத்தினார்: "பிள்ளையள், கம்பியை முறிச்சுப் போடாதேங்கோ!"

வாளைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை.

விழாவன்று ஜிம் நிரம்பி வழிந்தது. கடைசிச் சண்டை தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே பாட்ரிக்கின் வாள் பாதியில் அணைந்தது. கூட்டம் "ஓ..." என்றது. மார்க் திகைத்து நின்றான்.

"வாறன், பிடி," என்று கொடியை என் கையில் திணித்துவிட்டு, தன் வாளை எடுத்துக்கொண்டு ரேணு மேடைக்குப் பாய்ந்தாள்.

மார்க்குக்கு வேறு வழியில்லை, மோதினான். அவள் விடவில்லை. அடி மேல் அடி. கடைசியில் அவன் வாளும் அணைந்தது. மேடையில் எரிந்தது ரேணுவின் வாள் மட்டும்தான்.

மார்க் அணைந்த வாளைத் தரையில் வைத்து முழங்காலிட்டான். ஜிம்மே எழுந்து நின்று கத்தியது. நான் கொடியைப் போட்டுவிட்டு மேடைக்கு ஓடினேன்...

"எந்தக் கடையில் வாங்கினீர்கள்?" என்று பிறகு பிரெஞ்சில் கேட்டான் மார்க்.

"கடையில் கிடைக்காது, நாங்கள் செய்தது," என்றாள் ரேணு, அவளும் பிரெஞ்சில்.

அடுத்த வாரம் எங்கள் குசினி மேசை முழுக்க மற்றவர்களின் வாள்கள். மார்க் திருகாணிகளைக் கழற்றித் தந்துகொண்டிருந்தான்.

போன ஞாயிறு புரோசார்ட் புறநகரில் ரேணு வீட்டுக்குப் பிள்ளைகளோடு போயிருந்தேன். இப்போதெல்லாம் கடையிலேயே அடி தாங்குகிற வாள்கள். போனில் தட்டினால் நிறமும் மாறும். எங்கள் பிள்ளைகள் சுவர், கதிரை, ஒருவரையொருவர் என்று போட்டு அடிக்கிறார்கள். ஒன்றும் ஆவதில்லை.

நல்லதுதான்...

ஆனால் அன்று படிக்கட்டில் ஒரு அடி விழுந்தும் வெளிச்சம் அணையாமல் இருந்தபோது நாங்கள் போட்ட கூச்சல் இருக்கிறதே, அதைப் போட அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை.