துபாயில் ஒரு முந்நூறு வருஷத்துப் பப்

குடிக்காமல் குடிகாரர்களோடு நிற்பதற்குத் தருகிற கூலிதான் பார்டெண்டர் சம்பளம் என்பது, வளைகுடாவில் கவுன்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கிய என் சக பாவிகளுக்குத் தெரியும். இரண்டாயிரங்களில் நான் வேலை பார்த்தது துபாய் ஹோட்டல் ஒன்றுக்குள் இருந்த 'முந்நூறு வருஷத்துப் பழைய இங்கிலீஷ் பப்'பில். ஹோட்டலே நான் சேர்ந்த வருஷம்தான் கட்டி முடித்தது.

பப்பை நடத்துகிறவருக்கு லேண்ட்லார்ட் என்று பெயர். அந்தப் பதவி கிடைத்தால் ஃபேமிலி விசா எடுக்கிற அளவுக்குச் சம்பளம் வரும். ஷார்ஜா ரோலாவில் பேச்சிலர் ரூம் கட்டிலை விட்டுவிட்டு, நாகர்கோவிலில் இருக்கும் மனைவியையும் மகளையும் கூட்டிவந்துவிடலாம். அதற்காகத்தான் கீழ்க்கண்ட கூத்துகளை எல்லாம் பொறுத்துக்கொண்டேன்.

கரி

பழசாகத் தெரிய வேண்டுமென்று உத்தரத்தில் புகைக்கரி பூசி, மூலைக்கு மூலை செயற்கை ஒட்டடை ஒட்டியிருந்தார்கள். க்ளீனிங் வேலைக்கு வந்த பரமக்குடி மாரிமுத்துவிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. அவன் திறப்பு விழாவன்று காலையில் ஏணி போட்டு ஏறி, சோப்புத் தண்ணீரால் தேய்த்து எல்லாவற்றையும் பளிச்சென்று ஆக்கிவிட்டான்.

ஹோட்டலின் ஜெனரல் மேனேஜர் ஒரு லெபனான்காரர். உத்தரத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாரிமுத்து என்னிடம் வந்து மெல்லக் கேட்டான்: "புதுசாத் தொறக்குற கடையில ஒட்டடை தொங்குனா எவன்ணே உள்ள வருவான்?"

ஆவி

பப்பின் பழைய லேண்ட்லார்டுகளின் கதையை நாங்கள் மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். முதல் லேண்ட்லார்ட் குதிரைத் திருடர்களுக்கு இடம் கொடுத்தவராம். அவர் பேரன் நிலவறைப் படியில் உருண்டு செத்தாராம், ஆவி இன்னும் அங்கேயே சுற்றுகிறதாம். எங்களுக்கு நிலவறையே கிடையாது. கீழே இருந்தது கார் பார்க்கிங். ஏதோ விளம்பரக் கம்பெனி ஏசியில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்த சரித்திரம் அது.

துபாயிலேயே தலை நரைத்த இங்கிலீஷ்காரர் ஒருவர் எங்கள் வாடிக்கையாளர். நான் ஒப்பித்ததைப் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எல்லாம் சரி, அந்த ஆவிக்கு விசா எடுத்துக் குடுத்த கஃபீல் யாரு?"

நிஜ லேண்ட்லார்ட்

உயிரோடு இருந்த லேண்ட்லார்டின் பெயர் கீத். வருகிறவர்களின் தோளில் தட்டுவது, சிரிப்பது, அவர்களோடு சேர்ந்து குடிப்பது, இவ்வளவுதான் அவர் வேலை. ஸ்டாக் எடுப்பதிலிருந்து சண்டை விலக்குவது வரை மற்றதெல்லாம் என் தலையில்.

ஒருநாள் ஃபுட்பால் மேட்ச் ஓடிக்கொண்டிருக்கையில் குழாயில் பீர் நின்று வெறும் நுரையாக வந்தது. கூட்டம் கத்த ஆரம்பித்தது. கீத் அவசரமாக என் காதருகே குனிந்தார். அந்த வேலைக்கு வந்து ஒரு வருஷம் ஆனவர் கேட்ட கேள்வி இது: "ஏம்ப்பா, நம்ம பீப்பா எல்லாம் எந்த ரூம்ல இருக்கு?"

நாற்காலி

அந்தக் கீத்தும் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டார். கிறிஸ்துமஸ், நியூ இயர் இரண்டையும் நான்தான் நடத்தினேன். ஒரு புகார் கூட வரவில்லை. மனைவியிடம் பாஸ்போர்ட் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு மேனேஜரைப் பார்க்கப் போனேன். அவர் எனக்கு டீ வரவழைத்தார். வேலை கேட்டுப் போன இடத்தில் டீ கொடுத்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

"உன்னைவிடப் பொருத்தமான ஆள் எனக்குக் கிடைக்க மாட்டான், பிரதர். ஆனா இங்கிலீஷ் பப்புக்கு இங்கிலீஷ் மூஞ்சி வேணும். கலாஸ், பேச்சு முடிஞ்சுது."

புது முகம்

வந்த மூஞ்சி அதுவரை இங்கிலாந்தில் கார் விற்றுக்கொண்டிருந்தது. அதற்கு வேலை கற்றுக்கொடுக்கும் பொறுப்பும் எனக்கே வந்தது. எனக்கு வயிறு எரிந்தது, மறைக்க ஒன்றுமில்லை. மனிதர் கெட்டவரில்லை என்பது இன்னும் எரிச்சலாக இருந்தது. இரண்டாவது மாதம் ஒரு மத்தியானம், சிரித்த முகமாக என்னிடம் வந்தார்.

"நாளைக்குக் கடையைக் கொஞ்சம் பார்த்துக்கிறியா? ஃபேமிலி விசா வந்துடுச்சு, பொண்டாட்டி பிள்ளைங்களைக் கூப்பிட ஏர்போர்ட் போகணும்."

பார்த்துக்கொண்டேன், அதுவும் ஒரு குறையில்லாமல் பார்த்துக்கொண்டேன் என்பதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.