சி எட்டு வேண்டாம்

பேய், ஆவி, காத்து கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எங்கள் ஊரில் முனியப்பன் கோயில் பக்கம் உச்சி வெயிலில் போகக்கூடாது என்பார்கள், பள்ளிக்கூடத்திலிருந்து மத்தியானம் சாப்பிட வரும்போது வேண்டுமென்றே அந்த வழியாகத்தான் வருவேன், ஒன்றும் ஆனதில்லை. இப்போது நான் சொல்லப் போவதைக் கேட்டு நீங்கள் எழுந்து போனாலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நடந்தது இதுதான், நடந்ததும் ராத்திரியில் இல்லை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், டியூப்லைட் வெளிச்சத்தில்.

நான் திருச்செங்கோடு பக்கம் ஒரு கல்லூரியில் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் ஆராய்ச்சி மாணவன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான். அப்பா ராசிபுரத்துப் பக்கம் குத்தகைக் காட்டில் குச்சிக்கிழங்கு போடுகிறார். மற்ற ஊர்க்காரர்கள் மரவள்ளி என்பதைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். பையன் என்ன வேலை பார்க்கிறான் என்று யாராவது கேட்டால் "செடிக்கு டாக்டருங்க" என்று சொல்லிவிட்டு மேற்கொண்டு கேள்வி வருவதற்குள் நகர்ந்துவிடுவார்.

அது ஒன்றும் பொய்யில்லை. குச்சிக்கிழங்குக்குத் தேமல் நோய் என்று ஒன்று வரும். இலை மஞ்சள் திட்டுத் திட்டாகிச் சுருங்கிவிடும், கீழே கிழங்கு பருக்காது. இதில் கொடுமை என்னவென்றால் இந்தப் பயிரை யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை, போன வருசத்துச் செடியின் தண்டை வெட்டித்தான் நட வேண்டும். நோய் உள்ள ஒரு செடியிலிருந்து வெட்டிய குச்சி எத்தனையோ அத்தனையும் நோய். அதை ஒருவர் நட்டு, அடுத்த வருசம் பங்காளிக்குக் கொடுத்து, அவர் மச்சானுக்குக் கொடுத்து, ஊரே மஞ்சளாகும். அதனால் எங்கள் ஆய்வகத்தில் நிழல்வலைக்குள் தாய்ச்செடிகளை வளர்த்து, ஒவ்வொன்றிலும் இலை கிள்ளி, அதில் வைரஸ் இருக்கிறதா என்று இயந்திரத்தில் பார்த்து, இல்லாத செடியின் குச்சியை மட்டும் விவசாயிகளுக்குக் கொடுப்போம். பார்வைக்குச் செடி பச்சையாகத்தான் இருக்கும், நோய் உள்ளே ஒளிந்திருக்கும். அதனால் சோதிக்காத செடி வெளியே போகக்கூடாது என்பது ஆய்வகத்தை நடத்தும் எங்கள் சாரின் சட்டம்.

சோதனைக்கு உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டு, அதில் வரிசை வரிசையாகச் சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஒரு செடியின் சாறு, கண்ணீர்த் துளியை விடக் குறைவு. எல்லாமே தண்ணீர் மாதிரி நிறமில்லாதவை. எந்தக் குழியில் போட்டோம், எதில் போடவில்லை என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கவனம் ஒரு நொடி பிசகினால் தட்டு மொத்தமும் குப்பைக்கு. அதனால் எங்கள் ஆய்வகத்தில் எப்போதும் இருவராகத்தான் செய்வோம். கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டு, பைப்பெட் என்கிற உறிஞ்சுகுழலால் ஒருவர் ஊற்றுவார், பின்னால் நாற்காலியில் ஒருவர் தாளை வைத்துக்கொண்டு குழி எண்ணைக் கூப்பிடுவார், எழுத்து வரிசைக்கு, எண் குழிக்கு. "பி மூணு" என்றால் ஊற்றிவிட்டு "போட்டாச்சு" என்று சொல்ல வேண்டும், அப்புறம்தான் அடுத்தது. ஊற்றுகிறவர் திரும்பிப் பார்க்கக்கூடாது, எதிர்க்கேள்வி கேட்கக்கூடாது, கையை வெளியே எடுக்கக்கூடாது.

எனக்குக் கூப்பிடுகிறவர் மலர் அக்கா. ஆத்தூர்க்காரர், எனக்கு இரண்டு வருசம் சீனியர். "பைப்பெட்ட மண்வெட்டி புடிக்கிற மாதிரி புடிக்காதடா தம்பி, தட்டுல என்ன வாய்க்காலா வெட்டப் போற?" என்று அவர் கிண்டல் பண்ணிப் பண்ணித்தான் எனக்குக் கை படிந்தது.

அந்தச் சனிக்கிழமை அக்காதான் நிழல்வலைக்குள் போய் ஒவ்வொரு செடியிலும் இலை கிள்ளி, குழி எண் எழுதிய குப்பிகளில் போட்டுக்கொண்டு வந்தார். வரும்போதே முகம் வெளுத்திருந்தது. வயிறு வலிக்கிறது என்று விடுதிக்குப் போய்விட்டார். நான் இலைகளை அரைத்துச் சாறெடுத்து வைத்தேன். விடிவதற்குள் அவருக்குக் குடல்வால் வெடித்து, திருச்செங்கோட்டிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். ஞாயிறு மத்தியானம் ஆபரேஷன் என்று அவர் அம்மா போனில் அழுதார்.

திங்கட்கிழமை காலை விவசாயிகள் வண்டியோடு குச்சி வாங்க வருகிறார்கள். அதில் எங்கள் அப்பாவும் ஒருவர். ஞாயிறு காலையிலேயே போன் பண்ணினார்.

"காட்ட ஓட்டிப் போட்டாச்சு சாமி. மழைக்கு முந்தி நட்டரோணும். குச்சி சுத்தமா இருக்குமில்ல?"

"டெஸ்ட் முடிஞ்சாத்தானுங்கப்பா சொல்ல முடியும்."

"நீ பாக்கறதுன்னா எனக்கென்ன பயம், போ."

அவர் அப்படிச் சொன்னதுதான் எனக்குப் பயமாக இருந்தது. போன இரண்டு வருசமும் தேமலில் கிழங்கு கட்டை விரல் தடிமன்கூட வரவில்லை. இந்த வருசமும் போனால் குத்தகைக் காட்டை விட்டுவிட்டு கூலிக்குப் போவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

ஞாயிறு மத்தியானம் ஆய்வகத்தில் நான் மட்டும்தான். சோதனைக் கலவை ஒரு தட்டுக்குத்தான் இருந்தது, கெட்டுப் போனால் அடுத்தது வரப் பல வாரம் ஆகும். தாளை எதிரே கிளிப்பில் மாட்டிக்கொண்டு, நானே கூப்பிட்டு நானே பதில் சொல்லி ஊற்ற ஆரம்பித்தேன். முதல் வரிசை போயிற்று. இரண்டாவது வரிசையில் வேர்வை கண்ணில் இறங்கியது, இமைத்துவிட்டுப் பார்க்கிறேன், எந்தக் குழியில் விட்டேன் என்று தெரியவில்லை. வாய் ஐந்து என்று சொன்ன ஞாபகம், கை ஆறின் மேல் நிற்கிறது. அப்பாவின் காடுதான் கண்ணுக்குள் வந்தது.

"பி ஆறு."

இடது தோளுக்குப் பின்னால், நாற்காலி இருக்கிற இடத்திலிருந்து, நிதானமாக.

நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, எனக்கு மயிர்க்கூச்செறியவில்லை, குளிரடிக்கவில்லை, ஒன்றுமில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது. அக்கா ஆஸ்பத்திரியில் இருப்பது தெரியும், ஆனால் அந்த நேரம் அது மனதில் வரவே இல்லை. தினமும் நடக்கிற மாதிரியே ஆறில் விட்டேன், "போட்டாச்சு" என்றேன்.

"பி ஏழு."

"போட்டாச்சு."

அப்படியே ஓடியது. எனக்கு அவ்வளவு நன்றாக எப்போதும் கை வந்ததில்லை. மூன்றாவது வரிசையில் சி ஏழு போட்டாயிற்று. அடுத்த குப்பியை எடுத்து மூடியைத் திறந்துவிட்டேன். பின்னால் சத்தமில்லை. காத்திருந்தேன்.

"சி எட்டு வேண்டாம். விட்டுடு. சி ஒம்பது."

ஏன் என்று கேட்கவில்லை. கூப்பிடுகிறவர் சொன்னால் ஊற்றுகிறவர் கேட்பதில்லை, அதுதான் பழக்கம். குப்பியை மூடி ஓரமாக வைத்துவிட்டு ஒன்பதில் ஊற்றினேன். கடைசிக் குழி வரை அப்படியே போயிற்று. தட்டை ஒட்டி மூடிவிட்டு, சிரித்துக்கொண்டே திரும்பினேன்.

நாற்காலி மேசைக்குள் தள்ளியபடி, காலையில் நான் பார்த்த மாதிரியே இருந்தது. கதவு சாத்தியிருந்தது. தாள் என் எதிரே கிளிப்பில் தொங்கியது. அப்போதுதான் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது.

எவ்வளவு நேரம் நின்றேனோ, கதவை யாரோ தட்டினார்கள். எங்கள் வாட்ச்மேன். கையில் இரண்டு டீ.

"ஏனுங்க தம்பி, ரெண்டு பேரு இருக்கறீங்களேன்னு ரெண்டா வாங்கியாந்தேனுங்க. அந்தப் புள்ள எங்கீங்க?"

"எந்தப் புள்ளைங்க? நான் ஒருத்தன்தானுங்க."

"ஏனுங்க, இந்நேரம் மாத்தி மாத்திப் பேசிட்டிருந்தீங்களே, வராந்தா வரைக்கும் கேட்டுச்சுங்களே!"

இரண்டு டீயையும் நானே குடித்தேன், வேறென்ன செய்ய.

இயந்திரத்தில் எல்லாம் ஒழுங்காக வந்தது. நோய் இருந்தால் திரையில் கோடு மேலே ஏறும். ஒப்பிடுவதற்காக நோய்ச்சாறு வைத்த குழியில் ஏறியது, வெறும் தண்ணீர்க் குழியில் ஏறவில்லை, செடிகள் எல்லாமே படுத்த கோடு, சுத்தம். சி எட்டு மட்டும் சோதிக்காமல் நின்றது. விட்டுப்போச்சு என்று சொன்னதற்கு "வானத்தப் பாத்துட்டு ஊத்துனியா?" என்று சார் திட்டினார். திங்கட்கிழமை மற்ற செடிகளின் குச்சிகளைக் கொடுத்தோம். கடைசியாக வாங்கியவர் அப்பா, சி எட்டுச் செடியின் குச்சி அவர் பங்கில்தான் வர வேண்டியது. அன்று ராத்திரியே போன்.

"குச்சி பத்தாம ஒரு மூல பொக்குன்னு கெடக்குது சாமி. அந்த ஒத்தச் செடி என்ன பாவம் பண்ணுச்சு?"

அடிமிச்சக் கலவையை வழித்து, ஓரமாக வைத்திருந்த சி எட்டுக் குப்பியையும் சோதித்தேன். சுத்தம். இன்னொரு முறையும் பார்த்தேன். சுத்தம்தான். சார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது, ஏதோ பிரமையில் அப்பாவின் காட்டில் ஒரு மூலையை வெறுமையாகப் போட்டேனே என்று. சனிக்கிழமை அந்தச் செடியை வெட்டி, குச்சிகளைச் சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினேன். பஸ் ஏறுவதற்கு முன்னால் அக்காவைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"என்னடா, நோயாளியப் பாக்க ஆப்பிள் வாங்கிட்டு வருவாங்க, நீ வெறகுக் கட்டு தூக்கிட்டு வர?" என்றார். வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் சிரித்தார். பேச்சோடு பேச்சாக, சிரிப்பதற்கென்றே, அந்த மத்தியானக் கதையைச் சொன்னேன். அவருக்கும் சிரிப்புத்தான்.

"மயக்க ஊசி போட்டு அறுத்துட்டு இருந்திருக்காங்க, நான் எங்கடா வந்து கூப்பிடறது? நீயே கேட்டு நீயே பதில் சொல்லியிருப்ப. வாட்ச்மேனுக்கு ரெண்டு பேரா கேட்டிருக்கும்."

"அப்படித்தான்க்கா நானும் நெனச்சேன். ஆனா சி எட்டு வேண்டாம்னு…"

"எது?"

"சி எட்டு. இதோ, அந்தச் செடிதான்." சாக்கைக் காட்டினேன்.

அக்காவின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"தம்பி, அந்த இலையக் கிள்ளும்போதுதான்டா வலி முதல்ல வந்துச்சு. அப்படியே குனிஞ்சு உக்காந்துட்டேன். கையில இருந்த இலை கீழ விழுந்துருச்சு. கெடந்ததுல ஒண்ண எடுத்துக் குப்பியில போட்டேன். அந்தச் செடியோடதுதானா, பக்கத்துச் செடியோடதான்னு எனக்கே தெரியல. மறுநா காலைல உங்கிட்ட சொல்லி வேற இலை எடுக்கச் சொல்லலாம்னு இருந்தேன், அதுக்குள்ள இப்படி ஆயிருச்சு. கண்ணு முழிச்சதுல இருந்து இது எப்படி மறந்துச்சுன்னே தெரியல."

நான் ஊருக்குப் போகவில்லை. சாக்கோடு திரும்பி வந்து, வெட்டிய அடித்தண்டில் மிஞ்சியிருந்த இலையைக் கிள்ளி, பக்கத்துத் துறையில் கலவை கடன் வாங்கிச் சோதித்தேன். கோடு மேலே ஏறியது. புதுக் கலவை வந்ததும் மற்ற செடிகள் எல்லாவற்றிலும் புதிதாக இலை எடுத்துச் சார் திரும்பப் பார்க்கச் சொன்னார், அவை சுத்தம். இந்த ஒன்றில் மட்டும் நோய், குப்பியில் போனது பக்கத்துச் செடியின் இலைதான். செடியையும் சாக்கையும் எரித்தோம். அப்பாவிடம் சொன்னேன். "அந்த மூல கெடந்துட்டுப் போவுது சாமி, அதுல தட்டப்பயறு போட்டுக்கறேன்" என்றார். இன்று அவர் காடு கரும்பச்சையாக நிற்கிறது.

இதற்கு நான் ஒரு விளக்கம் வைத்துக்கொண்டேன். அக்காவின் மனதில் ஒரு சந்தேகம் உறுத்திக்கொண்டிருந்தது, எப்படியோ அது என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது, எப்படி என்று அறிவியல் ஒருநாள் சொல்லும். உண்மையைச் சொன்னால் இந்த விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது. ஒருவருடைய அக்கறை அவர் படுத்துக்கிடக்கும்போதும் வேலைக்கு வந்துவிடுகிறது என்று நினைக்க நன்றாகத்தானே இருக்கிறது.

அக்கா உடம்பு தேறித் திரும்ப வந்து, ஒரு புதிய தட்டுக்கு என் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தக் குரலை மறுபடி கேட்கப் போகிறேன் என்று எனக்குள் ஒரு ஆவல்கூட இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டுக் காத்திருந்தேன்.

"ஏ ஒண்ணு," என்றார் அக்கா.

என் கை நகரவில்லை.

"போடுடா, தூங்கிட்டியா?"

போட்டேன். போட்டாச்சு என்றும் சொன்னேன். ஏ ரெண்டு, ஏ மூணு என்று அவர் கூப்பிடக் கூப்பிட, தெளிவாகிக்கொண்டே வந்தது. நாற்காலியிலிருந்து வந்ததால்தான் அக்கா என்று நினைத்திருக்கிறேன். அன்று கேட்டது இந்தக் குரல் இல்லை.

இதை நான் அக்காவிடம் இதுவரை சொல்லவில்லை. சொன்னால், இலை கீழே விழுந்ததை வேறு யாரிடம் சொன்னோம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார். அவர் யாரிடமும் சொல்லவில்லை. நிழல்வலைக்குள் அப்போது அவர் மட்டும்தான் இருந்தார்.