இன்னும் உணங்கல்ல

பேய் நடுராத்திரியில்தான் வரவேண்டும் என்று யார் சட்டம் போட்டார்களோ தெரியாது. இது நடந்தது சாயங்காலம், ஊரெல்லாம் காப்பி குடிக்கிற நேரத்தில். கதை கட்டுகிறேன் என்று நினைப்பவர்கள் தக்கலைக்கு வாருங்கள், ஆதிராவையே காட்டுகிறேன். என் சித்தி மகள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பல்லியைக் கையால் பிடித்து வெளியே போடுகிற ரகம். அவள் சொன்னதில் நான் எதையும் கூட்டவில்லை.

அவள் வீட்டுக்காரன் மகேஷ்குமாருக்குத் துபாயில் வேலை. லீவில் வந்தவனுக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. பழைய டிராவலர் வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில், கேஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து, பெண்டாட்டியையும் எட்டு மாதக் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பினான். கிளம்பியது ஐப்பசி மாதத்தில். ஐப்பசி என்றால் அடைமழை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும், துபாய்க்காரனுக்குத் தெரியவில்லை.

துணி துவைப்பதில் கஷ்டமே இல்லையாம். மூடி போட்ட வாளியில் துணியும் தண்ணீரும் சோப்புப் பொடியும் போட்டு, வாளியைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டிவிட்டு வண்டியை ஓட்டினால் போதும். நம்ம ஊர் ரோட்டுக்கு எந்த வாஷிங் மெஷினும் ஈடாகாது. காயவைப்பதுதான் பெரும்பாடு. வேனுக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, முகத்தில் ஈரத்துணி உரச உரசச் சாப்பிட்டார்கள், தூங்கினார்கள். மூன்று நாளாகியும் ஒன்றும் காயவில்லை. குழந்தைக்கு டயப்பர் ஒத்துக்கொள்ளாமல் தொடையெல்லாம் புண்ணாகிவிட்டதால் துணிதான் கட்ட வேண்டும். கடைசியாக மிச்சமிருந்த உலர்ந்த துணியும் அன்று மத்தியானம் இடுப்பில் ஏறிவிட்டது. சளி வேறு பிடித்திருந்தது. ஈரத்துணியைக் கட்டினால் நெஞ்சில் இறங்கிவிடுமே என்று ஆதிராவுக்கு ஒரே பயம்.

வண்டி நின்றது குலசேகரத்துக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில். தோட்டக்காரர் ரசலையன், மகேஷின் அப்பாவுக்குச் சிநேகிதர், வீடு திருவட்டாற்றில். போனில் கேட்டதும் தாராளமாக நிறுத்திக்கொள்ளச் சொன்னார். வேனிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு புகைப்புரை இருந்தது. ரப்பர் ஷீட்டைக் கழிகளில் தொங்கவிட்டு, கீழே தேங்காய் மட்டையும் விறகும் எரித்துக் காயவைக்கிற ஒற்றை அறை அது. ஜன்னல் கிடையாது. ஷீட் காய்கிற இடத்தில் துணி காயாதா என்று அவளுக்குத் தோன்றியது. மகேஷ் சளி மருந்து வாங்க ஜங்ஷனுக்கு நடந்தான். குழந்தை தூங்கியதும், நாலு பக்கமும் தலையணை வைத்து, வேன் கதவைச் சாத்திவிட்டு, துணிக்கட்டோடு மழையில் ஓடினாள்.

புகைப்புரைக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே கதகதவென்று சூடு. தரைக்குழியில் கங்கு சிவந்து கிடந்தது. ரசலையனின் வேலையாள் யாரோ தீ போட்டிருக்கிறார்கள், நம் அதிர்ஷ்டம், என்று நினைத்துக்கொண்டு துணியை ஒவ்வொன்றாகக் கழியில் போட்டாள். கடைசித் துணியை விரிக்கும்போது கதவுப் பக்கம் குரல் கேட்டது.

"ஏட்டி, உணங்கிச்சா?"

எங்கள் பக்கம் காய்வதை உணங்குவது என்போம். மகேஷ் அதற்குள் வந்துவிட்டானா என்று நினைத்தவள், திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னாள். அந்தப் பதிலில்தான் வந்தது வினை.

"இல்ல, இன்னும் உணங்கல்ல."

கதவு சாத்திக்கொண்டது.

சூடு போகாமலிருக்க அவன்தான் சாத்துகிறான் என்று விட்டுவிட்டாள். துணியைத் திருப்பிப் போட்டாள். பிறகு போய்க் கதவைத் தள்ளினாள். அசையவில்லை. தோளால் முட்டினாள். வெளியே யாரோ சாய்ந்து நிற்பதுபோல் கதவு லேசாக விலகி, திரும்ப அழுத்தியது.

"இஞ்சேருங்க... விளையாடாதீங்க. பிள்ள தனியா கெடக்கு."

தகரக் கூரையில் மழை மட்டும் இரைந்தது. புகை கூடிக்கொண்டே வந்தது. கண் எரிந்தது. கதவுப் பலகை இடுக்கில் மூக்கை வைத்து மூச்சு விட்டாள். மகேஷ் ஜங்ஷனுக்குப் போய் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்க முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

வேனிலிருந்து குழந்தை அழுதது.

வீறிட்டு அழுதது. ஆதிரா கதவை இரண்டு கையாலும் அடித்தாள், கத்தினாள், கெட்ட வார்த்தைகூடச் சொன்னாளாம். அழுகை சட்டென்று நின்றது. யாராவது தூக்கி எடுத்தால் நிற்குமே, அப்படி நின்றது.

அவளுக்கு உள்ளங்கால் சில்லிட்டது. அவ்வளவு சூட்டிலும்.

"ஏட்டி, உணங்கிச்சா?"

இடுக்குக்கு அந்தப் பக்கம், காதோரமாக. ஆண்குரலா பெண்குரலா என்று தெரியவில்லை.

"உணங்கிச்சு," என்றாள். "கதவைத் தொறங்க."

இடுக்கு வழியாக இரண்டு விரல் உள்ளே வந்தது.

வெளிறிய விரல்கள். வெகுநேரம் தண்ணீரில் கிடந்ததுபோல் தோல் சுருங்கியிருந்தது. அவை கழியில் தொங்கிய துணியைத் தேடவில்லை. அவள் நைட்டியின் ஓரத்தைப் பிடித்தன. காய்ந்ததா என்று நாம் பார்ப்போமே... அதேபோலத் தேய்த்துப் பார்த்தன.

மழையில் ஓடி வந்தவள். நைட்டி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"ஈரம் இருக்கு."

விரல்கள் போய்விட்டன.

ஆதிராவுக்குப் புரிந்தது. காயாமல் அங்கிருந்து எதையும் வெளியே விடமாட்டார்கள்.

கங்கின் அருகே போய் நின்றாள். நைட்டியை விரித்துப் பிடித்தாள். முன்பக்கம். பின்பக்கம். திரும்பவும் முன்பக்கம். இருமி இருமிக் குடல் வாய்க்கு வந்தது. பிள்ளையின் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே நின்றாள்.

வரவில்லை.

நைட்டி ஓரம் மொரமொரவென்று ஆனதும், தானாகவே போய் அதை இடுக்கில் நீட்டினாள்.

விரல்கள் வந்தன.

தேய்த்தன...

"உணங்கிச்சு."

கதவு திறந்தது. வெளியே யாருமில்லை.

ஓடினாள். வேன் கதவு திறந்திருந்தது. குழந்தை கட்டிலில் விழித்துக் கிடந்தது. உயிர் இருந்தது. ஆனால் உதடு வெடித்து, தோல் சொரசொரவென்று, கன்னத்தில் கண்ணீர்க் கறைகூட இல்லாமல் கிடந்தது. உடம்பெல்லாம் புகை நாற்றம். மார்பில் போட்டதும் விடாமல் குடித்தது.

சற்று நேரத்தில் மகேஷ் மருந்தோடு வந்தான். வண்டியை எடுங்க என்று மட்டும் சொன்னாள். குழந்தையை ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். உடம்பில் நீர் வற்றியிருப்பதாகச் சொல்லி டிரிப் ஏற்றி, மறுநாள் அனுப்பினார்கள். திரும்பும் வழியில் திருவட்டாற்றில் ரசலையன் வீட்டில் இறங்கியபோதுதான் அவளுக்கு வாய் திறந்தது. எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சிரித்தார். அந்தப் புகைப்புரையில் தீ போட்டு ரெண்டு வருஷமாகிறது, வெளியே தாழ்ப்பாள்கூடக் கிடையாது என்றார்.

மகேஷ் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப்போய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். முந்தின நாள், அவள் ஓடி வருவதற்கு முன்பே, அவன் ஒரு தடவை வேனுக்குத் திரும்பி வந்திருக்கிறான். வேன் கதவைத் திறந்தபோது ஆதிரா முதுகைக் காட்டி உட்கார்ந்து, மடியில் பிள்ளையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாளாம். துணி உணங்கிச்சா என்று கேட்டிருக்கிறான். அவள் சொன்ன பதிலைக் கேட்டு, குளிப்பாட்டித் துவட்டுகிறாள்போல என்று நினைத்து, சாயா குடிக்கத் திரும்பவும் ஜங்ஷனுக்குப் போயிருக்கிறான்.

"துணி உணங்கியாச்சு, பிள்ளதான் இன்னும் உணங்கல்ல, பொறவு வாங்கன்னு நீதானேட்டி சொன்ன?"