பின்கதவைப் பூட்டிய ஞாயிற்றுக்கிழமை

சீட்ஸே தன் ஆயுசில் ஊசி போட்ட மாடுகளை வரிசையாக நிறுத்தினால், அவர் வீட்டு வாய்க்கால் கரையில் தொடங்கி தேவாலயக் கோபுரம் வரைக்கும் நிற்கும். மடிவீக்கம் கண்ட மாடு, கன்று போட்டுவிட்டு எழுந்திருக்காத மாடு, எதுவானாலும் அவர் கைதான். மிரளுகிற பசுகூட அவரிடம் ஊசி வாங்கிக்கொண்டு ஒன்றும் நடக்காததுபோல் புல்லை மெல்லும். பால்பண்ணைகள் நிறைந்த ஃபிரீஸ்லாந்துச் சீமையின் அந்தப் பக்கத்தில் அவருக்கு அதில் ஒரு பெயரே இருந்தது.

அப்பேர்ப்பட்ட மனிதர் அறுபத்தேழாவது வயதில், நகர மருத்துவமனையின் சின்ன அறையொன்றில், கால்சட்டையை முழங்காலுக்கு இறக்கிவிட்டு, முடியைவிடக் கொஞ்சமே தடித்த ஓர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு வியர்த்து வழிந்தார்.

விஷயம் இதுதான். ஐம்பத்தெட்டில் சர்க்கரை வந்தது. அதற்குப் பின்னாலேயே, ஆண்பிள்ளைகள் வெளியே சொல்லாத அந்தக் குறையும் வந்தது. டாக்டர் மாத்திரை கொடுத்தார். ஏழெட்டு வருஷம் மாத்திரை நன்றாக வேலை செய்தது. போன குளிர்காலத்தில் நின்றுவிட்டது. வெறும் வயிற்றில் போட்டுப் பார்த்தார், பெரிய மாத்திரை வாங்கிப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை.

சீட்ஸே இதை மனைவி ஹிஸ்கேயிடம்கூடச் சொல்லவில்லை. நாற்பத்தொரு வருஷம் கூட வாழ்ந்தவள். அவள் தூங்கும்வரை தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கப் பழகிக்கொண்டார். எதையும் முகத்துக்கு நேரே கேட்கிற ஹிஸ்கே இதை மட்டும் கேட்கவில்லை. ஒருநாள் தலையணையைத் தூக்கிக்கொண்டு மகளின் பழைய அறைக்குப் போய்விட்டாள். "உன் குறட்டை தாங்கல" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் குறட்டை விடுகிறவர்தான்.

மே மாதம் பேத்தி பிறந்தாள். மகள் யெல்ட்ஸ்யே அவளுக்குப் பாட்டியின் பெயரையே வைத்தாள். சின்ன ஹிஸ்கேயைப் பார்க்கப் போய், பெண்குழந்தை பிறந்தால் வந்தவர்களுக்குத் தருகிற இளஞ்சிவப்பு மிட்டாய் தூவிய ரஸ்க்கை ஆளுக்கு மூன்று தின்றார்கள். பிள்ளையின் கால்விரல் ஒவ்வொன்றும் பட்டாணி அளவு. சீட்ஸே அந்த விரல்களைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

திரும்பி வரும்போது காரில் ஹிஸ்கே சந்தோஷத்தில் அழுதாள். அழுகை நடுவில் வேறு பக்கம் திரும்பிவிட்டது.

"பேரும் அவளுக்குப் போயிடுச்சு. இனி நான் வெறும் பாட்டி. உனக்கும் அப்படித்தானே?"

சீட்ஸே வண்டியை வயல் ஓரமாக நிறுத்தினார். இஞ்சினை அணைத்தார்.

"மாத்திரை வேலை செய்யல, ஹிஸ்கே. ஆறு மாசமாச்சு."

"என்னது?"

"மாத்திரை. அந்த மாத்திரை."

ஹிஸ்கே அவரை வெறித்துப் பார்த்தாள். பிறகு கைப்பையால் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். "அட மரமண்டை! இதைச் சொல்லக் கூடாதா? நான் ஆறு மாசமா கண்ணாடி முன்னாடி நின்னு என் இடுப்பைப் பாத்து அழுதுட்டு இருக்கேன்!"

அன்றைக்கே அவள் தலையணையோடு திரும்பி வந்திருப்பாள். சீட்ஸேதான் வேண்டாம் என்றார். "வெறுங்கையோட கூப்பிட மாட்டேன். சரியாகட்டும், நானே வந்து கூப்பிடறேன்." பிடிவாதக்காரர். மறுநாள் காலை எட்டு மணிக்கு டாக்டருக்குப் போன் போட்டது அவர் இல்லை, ஹிஸ்கே.

சர்க்கரை நரம்பையும் ரத்தக்குழாயையும் அரித்துவிட்டது, இனி மாத்திரையால் ஆகாது, அந்த இடத்திலேயே ஊசி போட்டுக்கொள்ளலாம் என்றார் பெரிய டாக்டர். "எந்த இடத்துல?" என்று சீட்ஸே இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் அதே பதில்தான் வந்தது.

அப்படித்தான் அந்த அறைக்கு வந்து சேர்ந்தார். சொல்லிக்கொடுக்கிற நர்ஸ் நின்கேக்கு முப்பது வயது இருக்கும். ஹிஸ்கே மூலையில் உட்கார்ந்து பேத்திக்குத் தொப்பி பின்னிக்கொண்டிருந்தாள்.

"மேல்பக்கம் வேணாம், அடிப்பக்கம் வேணாம். பக்கவாட்டுல போடணும்" என்றாள் நின்கே. "இன்னைக்கு வலதுன்னா அடுத்த தடவை இடது. நேராக் குத்தி மெதுவா அழுத்துங்க. எடுத்ததும் கொஞ்ச நேரம் விரலால பிடிச்சுக்கோங்க. அவ்வளவுதான் ஐயா. கொசுக்கடி மாதிரி."

"கொசுவை நான் அடிச்சிடுவேன்" என்றார் சீட்ஸே.

"ஆயிரம் மாட்டுக்குப் போட்ட கை" என்றாள் ஹிஸ்கே, பின்னலிலிருந்து நிமிராமல். "மாடு ஒண்ணுகூட இப்படி முழிச்சதில்ல."

அது சீட்ஸேயைச் சுட்டது. மூச்சை இழுத்தார். கை தன் பழைய வழியிலேயே போனது. மாட்டின் தொடையில் முஷ்டியால் இரண்டு தட்டு, மூன்றாவது தட்டோடு ஊசி, மாட்டுக்குத் தட்டுக்கும் குத்துக்கும் வித்தியாசம் தெரியாது. இடது முஷ்டியை ஓங்கி, தட்ட வேண்டாத இடத்தில் இரண்டு தட்டு தட்டிவிட்டார்.

"ஐயோ! மாடு இல்ல ஐயா, மாடு இல்ல!" நின்கே பாய்ந்து கையைப் பிடித்தாள்.

சீட்ஸே இரண்டாக மடிந்துபோய் முனகினார். ஹிஸ்கேயின் நூல்கண்டு தரையில் உருண்டது. அவள் சிரித்த சிரிப்பில் நாற்காலியே நகர்ந்தது. நின்கேயும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். "மன்னிக்கணும் ஐயா. எங்க அப்பாவும் மாட்டுக்கு இப்படித்தான் போடுவாரு."

அன்று ஊசியை நின்கேதான் போட்டாள், குறைந்த அளவில், பரிசோதனைக்காக. பத்து நிமிஷம் கழித்து சீட்ஸே கீழே பார்த்தார். செத்தே பிறந்தது என்று நினைத்த கன்று காதை ஆட்டினால் எப்படிப் பார்ப்பாரோ, அப்படிப் பார்த்தார்.

"ஹிஸ்கே, இங்க வாயேன்."

"இங்கிருந்தே தெரியுது" என்றாள் அவள்.

"நாலு மணி நேரத்துக்கு மேல இறங்காம இருந்தா வெட்கப்படாம உடனே எங்களைக் கூப்பிடணும்" என்று நின்கே கண்டிப்பாகச் சொன்னாள். "வீட்ல முதல் தடவை போட்டதும், எப்படி இருந்துச்சுன்னு திங்கட்கிழமை போன் பண்ணுங்க."

அடுத்த ஞாயிறு. மதியம் உருளைக்கிழங்கும் பீன்ஸும் இறைச்சி உருண்டையும் சாப்பிட்டாயிற்று. மூன்று மணிக்கு மகள் பேத்தியோடு காப்பிக்கு வருவாள். அதற்கு முன் இரண்டு மணி நேரம் இருந்தது. ஊரே சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரம்.

பின்கதவுதான் தொல்லை. அந்த ஊரில் முன்கதவு மணப்பெண்ணுக்கும் பிணத்துக்கும்தான். மற்ற எல்லாரும் பின்கதவைத் தள்ளிக்கொண்டு, "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்கும்போதே சமையலறையில் பாதி வந்திருப்பார்கள். அடுத்த வீட்டு ஆவ்கே அதுகூடக் கேட்கமாட்டாள். அதனால் சீட்ஸே கதவைப் பூட்டத் தீர்மானித்தார். சாவியைக் கண்டுபிடிக்கவே கால் மணி நேரமாயிற்று. துருப்பிடித்த பூட்டுக்கு எண்ணெய் விட்டுத் திருப்பினார். மாடியில் திரையையும் இழுத்துவிட்டார்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்ததும் இடது கை தானாக முஷ்டியாக மடங்கியது.

"தட்டாத" என்றாள் ஹிஸ்கே.

"தட்டல."

"எண்ணாத. குத்து."

"நீ இப்படி மூஞ்சிக்கு நேரா நின்னா எப்படி?"

ஹிஸ்கே பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "சரி, பாக்கல. கண்ணை மூடிட்டேன்." அவள் தலையின் கனம் தோளில் இறங்கியபோது முஷ்டி தளர்ந்தது. ஊசி போனது. கொசுக்கடியேதான்.

அதற்குப் பிறகு நடந்ததை அந்தப் பழைய கட்டில் தன் பங்குக்குக் கொஞ்சம் சொன்னது. மற்றபடி அது அவர்கள் இருவர் விஷயம்.

இரண்டு மணிக்கு ஆவ்கே முட்டை கொண்டுவந்தாள். பின்கதவைத் தள்ளினாள். நெற்றி இடித்தது. தட்டினாள், பதில் இல்லை. நிமிர்ந்து பார்த்தால் நல்ல பகலில் மாடியில் திரை மூடியிருக்கிறது. அவளுக்குத் தெரிந்து அந்த ஊரில் இரண்டும் சேர்ந்தால் ஒரே அர்த்தம்தான். முட்டைக்கூடையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

"பௌவே! எழுந்திரு! சீட்ஸே போயிட்டாரு! சர்க்கரை!"

அவள் புருஷன் பௌவே சாக்ஸோடு ஓடிவந்தார், தோளில் ஏணி. சீக்கிரமே கிளம்பிவிட்ட யெல்ட்ஸ்யேயும் அப்போதுதான் குழந்தையோடு வந்து இறங்கினாள்.

மாடியில் ஜன்னலில் எதுவோ இடிக்கும் சத்தம் கேட்டு ஹிஸ்கே அங்கியை மாட்டிக்கொண்டு திரையை விலக்கினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பௌவேயின் தொப்பி மெதுவாக மேலே வந்தது, பிறகு மூக்கு.

"பௌவே! இறங்கு கீழ!"

"உயிரோட இருக்கீங்களா?"

"ரொம்ப!" என்று கட்டிலிலிருந்து சீட்ஸே கத்தினார். ஊசி இன்னும் வேலையில் இருந்ததால் அவரால் எழுந்து வந்து காட்ட முடியவில்லை.

கீழேயிருந்து மகளின் குரல். "அப்பா ஏன் எழுந்து வரல? அம்மா, கதவைத் தொறக்கறீங்களா, ஆம்புலன்ஸைக் கூப்பிடணுமா?"

"அப்பாவுக்கு ஒண்ணுமில்லடி! அரை மணியில வருவாரு!"

யெல்ட்ஸ்யே அம்மாவின் அங்கியைப் பார்த்தாள், கலைந்த தலையைப் பார்த்தாள். "பௌவே மாமா, ஏணியை எடுங்க" என்றாள் அவசரமாக.

அரை மணி கழித்து, தலையை வாரிக்கொண்டு, சீட்ஸே படியிறங்கினார். சமையலறையில் நாலு பேரும் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்கள். அவர் நேராகப் போய்ப் பேத்தியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அவள் அவர் கட்டைவிரலைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனாள்.

"நாற்பது வருஷத்துல கதவைப் பூட்டினதில்ல" என்றாள் ஆவ்கே. "நான் பயந்தே செத்தேன். என்னதான் நடந்துச்சு?"

ஹிஸ்கே சுற்றி வளைக்கவில்லை. மாத்திரை, சர்க்கரை, ஊசி எல்லாவற்றையும் நாலே வாக்கியத்தில் சொல்லிவிட்டு எல்லாருக்கும் கேக் வெட்டினாள். யெல்ட்ஸ்யே குழந்தையின் காதைப் பொத்தினாள். பௌவே ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்து, மழை வரும்போலிருக்கிறது என்றார்.

ஆவ்கே கரண்டியைத் தட்டில் வைத்தாள். "ஆஸ்பத்திரி நம்பரை ஒரு சீட்டுல எழுதிக் குடு, ஹிஸ்கே."

"ஆவ்கே!" என்றார் பௌவே.

"நீ மழையைப் பாரு."

திங்கட்கிழமை காலை சீட்ஸே ஒரு கையில் திருப்புளியோடு போனை எடுத்தார்.

"எப்படி இருந்துச்சு ஐயா?" என்றாள் நின்கே.

சீட்ஸே யோசித்தார். "இதைவிட மோசமாவும் போயிருக்கலாம்."

ஃபிரீஸ்லாந்துக்காரன் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது என்பது பால்பண்ணையில் வளர்ந்த நின்கேக்குத் தெரியும். "அவ்வளவு நல்லாவா!" என்று சிரித்தாள். "அங்க என்ன சத்தம்?"

"மக ரூம்ல கட்டிலைப் பிரிச்சிட்டு இருக்கோம். பேத்திக்குத் தொட்டில் போடணும். ஹிஸ்கேக்கு இனிமே இந்தக் கட்டில் தேவைப்படாது."

"போனை வெச்சிட்டு இந்த முனையைப் பிடிடா கிழவா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "என் முதுகும் எனக்கு வேணும், வாரக் கடைசிக்கு!"