அவர் வேண்டாமென்ற நட்சத்திரம்

மெல்பேர்ன் புறநகரான ரோவில்லில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு அமெரிக்கக் கிழவர் இருந்தார். வியட்நாம் போரில் காலாட்படை அதிகாரி. போரின் நடுவே விடுமுறைக்குச் சிட்னி வந்தவர், ஒரு மெல்பேர்ன் பெண்ணைக் கண்டு, பிறகு இங்கேயே குடியேறிவிட்டார். காலையில் அவருக்குச் சவரம் செய்துவிடுவது என் பொறுப்பு.

அப்படியொரு காலையில்தான் தன் பதக்கங்களின் கதையைச் சொன்னார். ஊதா நாடாவில் தொங்கும் இதய வடிவப் பதக்கம், போரில் காயப்பட்டதற்கு. “அது என் காயம், அது இருக்கட்டும்” என்றார். மற்றது வெள்ளி நட்சத்திரம். பெயர்தான் வெள்ளி. பார்த்தால் பொன்னிறம், நடுவில் மட்டும் கடுகளவு வெள்ளி. துப்பாக்கிச் சூட்டுக்குள் ஊர்ந்துபோய்க் காயப்பட்ட இரண்டு பேரை இழுத்து வந்ததற்காகக் கொடுத்தது. போனது இவரல்ல, இவருக்குக் கீழிருந்த சார்ஜன்ட். மூன்றாவது ஆளை எடுக்கப் போனவன் திரும்பவில்லை. இவர் வாய்க்காலுக்குள் முகம் புதைத்துக் கிடந்திருக்கிறார். அதிகாரிக்கு அதிகாரி பதக்கத்துக்கு எழுதிக் கொடுப்பது அங்கே வழக்கமாம். கடதாசியில் இவர் பெயர் ஏறியது, இவர் வாய் திறக்கவில்லை.

எனக்குச் சீ என்று போய்விட்டது. நானும் எங்கள் நாட்டுப் போரில் ஷெல்லடிக்குள் இருந்து வந்தவன்தான். பயந்து கிடந்ததற்காக யாரையும் பழிக்கமாட்டேன். ஆனால் ஒருவனின் சாவையே முழுப் பூசணிக்காயாகச் சோற்றில் மறைத்துவிட்டு, அதற்குப் பதக்கமும் வாங்குவதா? ரேசரைக் கழுவும் சாட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“மகன் கேட்டாலும் அந்த நட்சத்திரத்தை என் சட்டையில் குத்திவிடாதே” என்றார். தலையாட்டினேன். இப்படியான விருப்பங்களை அன்றைக்கே அவரவர் ‘கேர் பிளான்’ கோப்பில் எழுத வேண்டும். நான் எழுதவில்லை. இந்த மனிதனுக்கு எழுத்து வேறு வேண்டிக்கிடக்கிறதா என்றிருந்தது.

அடுத்த மாதம் பக்கவாதம் வந்து அவருடைய பேச்சைக் கொண்டுபோனது.

போர் வீரர்களை நினைவுகூரும் அன்சாக் தினத்துக்கு இல்லத்தில் காலைத் தேநீர் வைத்தார்கள். மகன் பதக்கப் பெட்டியோடு வந்து, எல்லாவற்றையும் குத்திவிடச் சொன்னார்.

“நட்சத்திரம் வேண்டாமென்று உங்கள் அப்பா சொல்லியிருக்கிறார்” என்றேன்.

“அப்பாவுக்கு எப்போதும் தன்னடக்கம்” என்று சிரித்தார்.

தன்னடக்கமாம். உண்மை நாக்கு நுனிவரை வந்தது. இரக்கத்தால் அதை விழுங்கினேன் என்று சொன்னால் பொய். படகில் வந்து தற்காலிக வீசாவில் இருப்பவன் நான், என்மேல் ஒரு முறைப்பாடு போதும், வேலை போய்விடும்.

பொறுப்பு நர்ஸ் தமிழ்நாட்டுப் பெண். என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். “ஏண்ணா வம்பு? ஃபேமிலி கேக்குறாங்க, குத்தி விட்டுடுங்க.”

“அவருக்கு விருப்பமில்லை தங்கச்சி. என்னட்டத்தான் சொன்னவர்.”

“கேர் பிளான்ல இருக்கா?”

“இல்லை.”

“அப்புறம் என்னண்ணா.”

பதக்கத்தின் ஊசியைத் திறந்தேன். அவருடைய இடது கை மெல்ல எழும்பி என் மணிக்கட்டைத் தடுத்தது. அந்தக் கையில் பலமில்லை. அதைப் பிடித்து மடியில் வைத்துவிட்டு நட்சத்திரத்தைக் குத்தினேன். படமெடுத்தார்கள், கை தட்டினார்கள். நானும் தட்டினேன். வாய்க்காலுக்குள் கிடந்தவரை முகம் சுளித்துப் பார்த்த அதே ஆள்தான் தட்டினேன்.

அன்று மத்தியானம் நான் ஊட்டப்போன சூப்புக்கு அவர் வாயைத் திறக்கவேயில்லை. என்னோடு வேலை செய்யும் வேறொரு பிள்ளை வந்து கொடுத்தாள். முழுவதையும் குடித்தார்.