முதல் பந்தியில் அண்ணி

ஆமாம், அண்ணியை முதல் பந்தியில் உட்கார வைத்தது நான்தான்.

இன்று குன்னத்தில் அவருக்கு வளைகாப்பு. ஏற்பாடெல்லாம் என் பொறுப்பு. எங்கள் பக்கத்து வழக்கப்படி ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பெண்களுக்கு இலை. போன விசேஷத்தில் எங்கள் பந்திக்கு மிஞ்சியது ரசம்தான்.

வளையல் அடுக்கி முடிந்ததும் அண்ணி என் காதில் சொன்னார்: "பசி கண்ணக் கட்டுது புள்ள."

முதல் இலைக்கு முன்னால் மணையைப் போட்டேன். பெரிய மாமா அதில் உட்காரப் போனார்.

"மாமா, அது அண்ணிக்குங்க."

"ஆம்பளைங்க பந்தியில பொம்பளையா? எந்த ஊரு வழக்கம் இது?"

"வளைகாப்பு யாருக்கு மாமா? உங்களுக்குன்னா உக்காருங்க, வளையல் மிச்சம் இருக்கு."

பந்தியே சிரித்தது. மாமாவும் சிரித்துவிட்டார். வாசலுக்குப் போனார்; உட்கார்ந்திருந்த ஆண்களும் எழுந்து அவர் பின்னால் போனார்கள்.

அண்ணி உட்கார்ந்தார். பக்கத்தில் அத்தை, அப்புறம் ஒவ்வொருவராக எல்லாப் பெண்களும். பல்கலைக்கழகத்தில் சமத்துவம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அதற்கு ஓர் இலை அகலம் போதும் என்று தோன்றியது.

வாசலில் ஆண்கள் பசியோடு அரசியல் பேசிக்கொண்டிருந்தார்கள். உங்கள் ஊரில் முதல் இலை யாருக்கு, சொல்லுங்கள்.

நான் பாயச வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறப் போனேன்.